பணிமனையில் 110 வோல்ட்: இறக்கு மின்மாற்றியின் மறுபக்க வரலாறு

முன்னுரை

பிரித்தானியக் கட்டுமானத் தளங்களிலும் பணிமனைகளிலும் மஞ்சள் நிறப் பெட்டி ஒன்று தரையில் கிடப்பதைக் காணலாம். பொது மின்வழங்கலின் 230 வோல்ட்டைப் பெற்று 110 வோல்ட்டாகத் தரும் இறக்கு மின்மாற்றி அது. துளைப்பான், சாணைக் கருவி, வாள் முதலிய கைக்கருவிகள் அதிலிருந்தே இயங்குகின்றன. அந்நாட்டு வீடுகளில் 110 வோல்ட் மின்வழங்கல் கிடையாது. நெடுங்காலம் 240 வோல்ட்டாக இருந்த மின்வழங்கல் 1995 முதல் பெயரளவில் 230 வோல்ட் எனக் குறிக்கப்படுகிறது. கையில் உள்ள மின்னழுத்தத்தை வேண்டுமென்றே பாதிக்கும் கீழாகக் குறைத்து, அதற்கெனத் தனிக் கருவிகளையும் தனிச் செருகிகளையும் ஒரு தொழில்துறை ஏற்றுக்கொண்டது எதனால்?

மின்மாற்றியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தொலைதூர மின்கடத்தலோடு நின்றுவிடுகின்றனர். கருவியைப் பற்றும் கைக்கும் மின்னோட்டத்துக்கும் இடையில் அது நிறுத்தப்பட்ட வரலாறு உரிய கவனம் பெறவில்லை. 110 என்னும் எண் முதலில் செம்பின் விலையாலும் பின்னர் மனித உடலின் அளவாலும் பொருள்பெற்றதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விளக்குக்காக வந்த எண்

1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையத்தை எடிசன் இயக்கினார். அங்கிருந்து ஏறத்தாழ 110 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டம் வழங்கப்பட்டது. மின்னழுத்தம் கூடினால் கம்பிக்கான செம்பு குறையும்; ஆனால் அக்காலக் கரியிழை விளக்குகள் மிகுந்த மின்னழுத்தத்தைத் தாங்கமாட்டா. இவ்விரு தேவைகளும் சந்தித்த இடமே 110. மின்தாக்குதலைத் தாங்கும் உடலின் எல்லை அக்கணக்கில் இடம்பெறவில்லை. 1899இல் பெர்லின் மின்வழங்கல் 220 வோல்ட்டுக்கு மாறத் தொடங்கியதற்கும் அதே செம்புக் கணக்கே காரணம். ஐரோப்பா அவ்வழியில் சென்றது. அமெரிக்கா பழைய எண்ணையொட்டியே நின்றது.

மின்மாற்றி இதற்கிடையில் உருப்பெற்றது. அதன் அடிப்படையான மின்தூண்டலை ஃபாரடே 1831இலேயே இரும்பு வளையத்தில் சுற்றிய இரு சுருள்களைக் கொண்டு காட்டியிருந்தார். கோலாரும் கிப்ஸும் 1880களின் தொடக்கத்தில் அமைத்த முறையில் மின்மாற்றிகள் தொடரிணைப்பில் இருந்ததால் ஒரு விளக்கை அணைத்தால் பிறவற்றின் மின்னழுத்தம் மாறியது. புடாபெஸ்ட்டின் கான்ஸ் தொழிற்சாலைப் பொறியாளர்களான சிப்பெர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி ஆகிய மூவரும் 1885இல் மூடிய உள்ளகத்தையும் பக்க இணைப்பையும் கொண்டுவந்து இக்குறையை நீக்கினர். மறு ஆண்டில் வில்லியம் ஸ்டான்லி அமெரிக்காவின் கிரேட் பாரிங்டன் ஊரில் 500 வோல்ட்டை 100 வோல்ட்டாக இறக்கிக் கடைகளுக்கு ஒளியூட்டினார். இவர்கள் அனைவரின் நோக்கமும் விளக்கும் தொலைவுமே ஆகும்.

இவ்வமைப்பில் மற்றொரு பண்பும் இருந்தது. முதன்மைச் சுருளுக்கும் துணைச் சுருளுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை. ஆற்றல் காந்தப்பாயத்தின் வழியாக மட்டுமே கடக்கிறது. ஆகவே துணைச் சுருளை எந்தப் புள்ளியில் புவியோடு இணைப்பது, அல்லது இணைக்காமலே விடுவதா என்பதை அமைப்பவரே முடிவுசெய்யலாம். பணிமனையில் பின்னர் பயன்பட்டது இப்பண்பே.

கைக்கு வந்த மின்னோடி

நீராவிக்காலப் பட்டறையில் கூரையோரம் ஓடிய ஒரே நீள்தண்டிலிருந்து தோல்பட்டைகள் வழியாகக் கடைசல் எந்திரங்கள் சுழன்றன. ஒவ்வோர் எந்திரத்துக்கும் தனி மின்னோடி வந்தபோதும் ஆபத்தின் தன்மை பெரிதாக மாறவில்லை. எந்திரம் தரையில் பொருத்தப்பட்டது. அதன் இரும்புடலை உறுதியாகப் புவியோடு இணைக்கலாம். கம்பி குழாய்க்குள் அசையாது கிடக்கும்.

கைத்துளைப்பான் இந்நிலையை மாற்றியது. ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1895இல் மின்கைத்துளைப்பானைச் செய்தது; பிளாக் அண்டு டெக்கர் 1917இல் கைத்துப்பாக்கி வடிவப் பிடியும் விசையும் கொண்டதற்குக் காப்புரிமை பெற்றது. அக்கால உலோக உடலைத் தொழிலாளி இறுகப் பற்றினார். மின்வடம் தரையில் இழுபட்டது. சக்கரங்கள் அதன்மேல் ஏறின. புவியிணைப்புக் கம்பி உள்ளே அறுந்தாலும் கருவி தடையின்றி ஓடியது. கம்பி அறுந்ததை அறிவிக்க எந்த அறிகுறியும் இல்லை என்பதே இதில் கொடியது.

பிரித்தானியத் தொழிற்சாலைகளுக்கான 1908ஆம் ஆண்டு மின்விதிகள் 250 வோல்ட் வரையிலானதைத் 'தாழ் அழுத்தம்' என வகைப்படுத்தின. இச்சொல் மின்வழங்கல் அமைப்பை நோக்கியது, உடலை நோக்கியதன்று. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டால்சீல் தன்னார்வலரைக் கொண்டு நடத்திய ஆய்வுகள் இவ்வேறுபாட்டை எண்களால் காட்டின. பற்றிய கம்பியைத் தானே விட்டுவிடக்கூடிய மின்னோட்டத்தின் சராசரி எல்லை ஆண்களுக்கு 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லியாம்பியர். உடலின் மின்தடையை 1000 ஓம் எனக் கொண்டால் 240 வோல்ட்டில் 240 மில்லியாம்பியர் பாயும். 'தாழ் அழுத்தம்' எனப்பட்டது, கையை விடவொட்டாத எல்லையைப் போலப் பதினைந்து மடங்கு.

நடுமுனையின் கணக்கு

மஞ்சள் பெட்டியின் நுட்பம் 110 என்னும் எண்ணில் இல்லை. துணைச் சுருளின் நடுப்புள்ளி புவியோடு இணைக்கப்படுகிறது. இரு முனைகளுக்கிடையே 110 வோல்ட் இருந்தாலும் எந்த ஒரு முனைக்கும் புவிக்கும் இடையே 55 வோல்ட்டே இருக்கும். மூன்று கட்ட அமைப்பில் 63.5 வோல்ட். பழுதான கருவியைப் பற்றி ஈரத்தரையில் நிற்பவரை எதிர்கொள்வது இவ்வழுத்தமே. இரு முனைகளும் உயிர்க்கம்பிகளாதலால் இரண்டையும் ஒருங்கே துண்டிக்கும் நிலைமாற்றி வேண்டும். இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டவருக்கு முழு 110 வோல்ட்டும் கிடைக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அதே 1000 ஓம் கணக்கில் 55 வோல்ட், 55 மில்லியாம்பியரைத் தரும். டால்சீலின் எல்லையை இதுவும் தாண்டுகிறது. ஆனால் தோலின் மின்தடை நிலையானதன்று. மின்னழுத்தம் குறையக் குறைய அது கூடுகிறது. ஆகவே மின்னழுத்தம் நான்கில் ஒரு பங்கானால் உடலில் பாயும் மின்னோட்டம் அதனினும் குறைகிறது. பிரித்தானிய மின்னமைப்பு விதிகள் இம்முறையில் பழுதைத் துண்டிக்க 5 வினாடி வரை இடம் தருவது இதனாலேயே. ஊறு விளைவதன் வாய்ப்பு குறைகிறதேயன்றி ஒழிவதில்லை.

இன்னும் குறைத்து 25 வோல்ட்டில் நிறுத்தியிருக்கலாமே எனக் கேட்கலாம். 1000 வாட் துளைப்பான் 110 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியரை எடுக்கும். 25 வோல்ட்டில் 40 ஆம்பியர் வேண்டும். அத்தனை தடித்த வடத்தை ஏணிமேல் இழுத்துச் செல்ல எவராலும் இயலாது. கைவிளக்குக்கு 25 வோல்ட் போதும். ஆற்றல்மிகு கருவிக்குப் போதாது. எடிசனை 110இல் நிறுத்திய செம்பே இங்கும் மறுபக்கத்திலிருந்து குறுக்கிட்டது. 1968இல் வெளியான பிரித்தானியத் தரநிலைகள் தளங்களுக்கான மின்பங்கீட்டுப் பெட்டிகளையும் தொழிலகச் செருகிகளையும் வரையறுத்தன. செருகி வகைகளில் மஞ்சள் 110 வோல்ட்டையும் நீலம் 230 வோல்ட்டையும் சிவப்பு 400 வோல்ட்டையும் குறிக்கும். ஒன்று மற்றொன்றில் நுழையாது. 1908ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக வந்த 1989ஆம் ஆண்டு விதிகள் எந்த மின்னழுத்தத்தையும் பெயர்சுட்டிக் கட்டாயப்படுத்தவில்லை. ஆபத்தைத் தடுக்கும் கடமையையே விதித்தன. மஞ்சள் பெட்டி அக்கடமையை நிறைவேற்றும் வழக்கமாக நிலைபெற்றது.

ஒரே எண், வேறு பொருள்

அமெரிக்கக் கருவியை 230 வோல்ட் நாட்டில் இயக்க விரும்புவோர் வாங்கும் சிறு பெட்டி பெரும்பாலும் தன்மின்மாற்றியாக இருக்கும். அதில் இரு சுருள்கள் இல்லை. ஒரே சுருளின் இடைப்புள்ளியிலிருந்து 110 வோல்ட் எடுக்கப்படுகிறது. எடையும் விலையும் குறைவு. மின்னழுத்தமானி இரண்டிலும் 110 என்றே காட்டும். ஆனால் தன்மின்மாற்றியில் வெளியீடு பொது மின்வழங்கலோடு நேரடித் தொடர்பில் உள்ளது. செருகியின் முனைகள் இடம்மாறிப் பொருந்தினாலோ நடுநிலைக் கம்பி அறுந்தாலோ கருவியின் கம்பி புவியை நோக்கி 230 வோல்ட்டில் நிற்கும். அப்பெட்டி கருவியை எரியாமல் காக்கிறது. கருவியைப் பிடித்தவரைக் காப்பதில்லை. கணக்கியல் நோக்கில் மட்டும் மின்மாற்றியைக் கற்பிக்கும் பாடநூல்கள் சுருள் விகிதத்தை விளக்கி இவ்வேறுபாட்டை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

இந்தியாவிலும் மின்வழங்கல் 230 வோல்ட். இங்கே சட்டம் வேறொரு கோட்டை வரைந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 36அ பிரிவு, தொட்டி, குழி, குழாய், புகைவழி போன்ற அடைபட்ட இடங்களுக்குள் போதிய பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாதவிடத்து 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கையோ பிற மின்கருவியையோ பயன்படுத்தத் தடை விதித்தது. கோவை, சென்னைப் பட்டறைகளின் எந்திரக் கட்டுப்பாட்டுப் பலகைகளில் பொத்தான் சுற்றுக்கெனச் சிறு இறக்கு மின்மாற்றி இருப்பது வழக்கம். கையில் பிடிக்கும் சாணைக் கருவியோ பெரும்பாலும் சுவரின் 230 வோல்ட்டிலேயே ஓடுகிறது. தொட்டிக்குள் 24 வோல்ட் விளக்கோடு இறங்கிய தொழிலாளி மேலேறி வந்து, அதே ஈரக் கையால் அக்கருவியை எடுத்தபோது, அப்பிரிவு அங்கே பொருந்தவில்லை.