நாணய அச்சுப் பிழை

நாணய அச்சுப் பிழை என்பது, நாணயச்சாலையில் உலோக வில்லை தயாரிக்கப்படும்போதோ நாணயம் அடிக்கப்படும்போதோ ஏற்படும் குறையாகும். நாணயச்சாலையை விட்டு வெளியேறிய பின் உண்டாகும் கீறல், துளை, அரிப்பு, நசுங்கல் முதலியன பிற்சேதம் எனப்படும். சேகரிப்பாளர்கள் அச்சுப் பிழைக்குக் கூடுதல் விலை கொடுப்பதுண்டு. பிற்சேதம் பெரும்பாலும் மதிப்பைக் குறைக்கும். இதனால் சேதமுற்றவை பிழை நாணயங்களாக விற்கப்படுவதும் உண்டு.

வேறுபடுத்தி அறிதல்

அச்சில் வெடிப்பு இருந்தால் உலோகம் அதனுள் புகுந்து, நாணயத்தில் மேடான கோடாகப் பதியும். கீறல் பள்ளமாக இருக்கும். ஒதுங்கிய உலோகம் அதன் ஓரங்களில் எழும்பி நிற்கும். முன்னர் அடித்த நாணயம் அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அதன் உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் பதியும். இரு நாணயங்களை இறுக்குப் பொறியில் நெருக்கி இதைப் போலியாகவும் செய்வர்; அப்போது பழைய உருவம் தட்டையாகி எஞ்சியிருக்கும். தமிழ்நாட்டில் காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த நாணயங்கள் மிகுதி. வளையம் உடைந்தபின் எஞ்சும் பற்றாசு, உடைந்த அச்சினால் உண்டாகும் விளிம்புப் புடைப்பைப் போலத் தோன்றும். ஆனால் பற்றாசின் நிறம் வேறுபடும். அது உருவத்தின் மேல் படிந்திருக்கும்.

சென்னை நாணயங்கள்

கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னை நாணயச்சாலை முதலில் புனித ஜார்ஜ் கோட்டையிலும், 1840களிலிருந்து தங்கசாலைத் தெருவிலும் இயங்கி, 1869இல் மூடப்பட்டது. அதன் நாணயங்களில் பிழையும் சேதமும் அல்லாத விந்தைகள் பல உள்ளன. நட்சத்திர வராகனின் ஒரு பக்கத்தில் நட்சத்திரத்தைச் சூழ்ந்துள்ள சொரசொரப்பான மணிகள் அரிப்பு அல்ல, வடிவமைப்பே. 1807ஆம் ஆண்டளவில் வெளியான வெள்ளி நாணயங்களுட் சில, ஸ்பானிய எட்டு ரியால் நாணயங்களின்மேல் அடிக்கப்பட்டவை. அவற்றில் பழைய எழுத்துகளின் சாயல் தெரியும். ஆற்காடு ரூபாய்களில் காணப்படும் சிறு முத்திரைகள், வெள்ளியைச் சோதித்த சராப்புகள் இட்டவை. இவை பின்னர் ஏற்பட்டவையாயினும் வெறும் சேதமாகக் கருதத்தக்கவை அல்ல.

கையால் அடித்த நாணயங்களில் உருவம் மையம் விலகியிருத்தல் இயல்பு. இங்கிலாந்தின் சோகோ நாணயச்சாலையில் நீராவிப் பொறியால் அடிக்கப்பட்ட 10, 20 காசு செப்பு நாணயங்களில் அதுவே அரிய பிழையாகும். 1808ஆம் ஆண்டு பொறித்த இக்காசுகளைச் சென்னைக்கு ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்னும் கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணற்றிட்டில் மூழ்கியது. 1980களில் மீட்கப்பட்ட காசுகள் ஒருநாளும் கடைத்தெருவில் புழங்காதவை. எனினும் அவற்றுட் பலவற்றில் உப்புநீரால் குழிகள் விழுந்துள்ளன. இக்குழிகள் பிற்சேதமேயாகும்.