கழுவியபின் எஞ்சுவது

மாசாய் என்னும் ஊர்ப்பெயரில் மாசு என்ற தமிழ்ச்சொல் ஒலிப்பது தற்செயலே. ஆயினும், 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவ்வூரை அடுத்த பாசிர் கூடாங்கில் நிகழ்ந்தது, மாசு நீக்கம் என்பதை அவ்வட்டாரத்தார் எளிதில் மறவாதபடி செய்துவிட்டது. கிம் கிம் ஆற்றில் சட்டத்துக்குப் புறம்பாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து நச்சு ஆவி எழுந்தது. மார்ச் 7-ஆம் நாள் பள்ளி மாணவரும் ஆசிரியரும் மூச்சுத் திணறினர். அத்துடன் அது அடங்கவில்லை. 11-ஆம் நாள் பாதிப்பு மீண்டும் பரவியது. 13-ஆம் நாள் 111 பள்ளிகள் மூடப்பட்டன. 2,000-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். நெடி தணிவது வேறு, நஞ்சு நீங்குவது வேறு என்பதை இடைப்பட்ட நாள்கள் உணர்த்தின.

கிம் கிம் ஆற்றில் இருந்தது கதிரியக்கம் அன்று. எனினும், இதே பாடத்தை 73 ஆண்டுகளுக்கு முன்னர் அணுகுண்டு கற்பித்திருந்தது. 1946 ஜூலை 25 அன்று பசிபிக் கடலிலுள்ள பிக்கினித் தீவில் அமெரிக்கர் நீருக்கடியில் ஒரு குண்டை வெடித்தனர். கதிரியக்கப் பொருள் கலந்த கடல்நீர், சோதனைக்கென நிறுத்தப்பட்டிருந்த கப்பல்கள்மீது பொழிந்தது. மாலுமிகள் நீரைப் பீய்ச்சினர். சவர்க்காரமும் காரமும் இட்டுத் தேய்த்தனர். வர்ணத்திலும் துருவிலும் மரத்தளத்திலும் புகுந்த மாசு அகலவில்லை. புளூட்டோனியத்தின் ஆல்பா கதிரையோ அவர்கள் கையிலிருந்த கைகர் எண்ணிகளால் அறியவே இயலவில்லை. கதிரியக்கப் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றிருந்த மருத்துவர் ஸ்டாஃபோர்டு வாரன், ஒரு மீனின் உடலிலிருந்த கதிரியக்கமே படத்தகட்டில் பதித்த அதன் உருவத்தைக் கடற்படை அதிகாரி பிளாண்டியிடம் காட்டினார். ஆகஸ்ட் 10-ஆம் நாள் துப்புரவு நிறுத்தப்பட்டது.

இத்தோல்விக்குப் பின்னர், மாசு நீக்கத்தை அளப்பதே ஓர் ஆராய்ச்சித் துறையாயிற்று. அமெரிக்கக் கடற்படை சான்பிரான்சிஸ்கோவில் இதற்கென ஓர் ஆய்வுக்கூடம் நடத்தியது. அளவையின் அடிப்படை எளியது. கழுவுமுன் இருந்த அளவைக் கழுவியபின் எஞ்சிய அளவால் வகுக்க வேண்டும். 1,000 என்பது 100 ஆனால், மாசு பத்தில் ஒரு பங்காயிற்று எனலாம்.

ஆனால், இக்கணக்கில் ஒருவர் எளிதில் ஏமாறலாம். அணுகுண்டுத் தூசியின் கதிர்வீச்சு தானாகவே தணிவது. வெடித்து ஒரு மணி நேரத்தில் 1,000 என இருப்பது, ஏழு மணி நேரத்தில் ஏறத்தாழ 100 ஆகிவிடும். இடையில் கழுவியவர் தம் உழைப்பே அதைக் குறைத்தது என எண்ணினால், காலம் செய்த வேலைக்குத் துடைப்பம் புகழ் பெற்றதாகும். ஆகவே, கழுவாத ஒரு பகுதியையும் அருகே விட்டுவைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் அளத்தல் வேண்டும். கழுவிய நீர் சென்று தேங்கிய இடத்தையும் அளத்தல் வேண்டும். இடம் மாறிய மாசு, நீங்கிய மாசு ஆகாது.

கிம் கிம் ஆற்றுக்கும் இது பொருந்தும். காற்று நெடியைக் கொண்டுபோனாலும் கழிவு ஆற்றிலேயே கிடந்தது. பள்ளிக் கதவை மீண்டும் திறக்கலாமா என்னும் கேள்விக்கு மூக்கும் கண்ணும் விடை சொல்லமாட்டா. எஞ்சியதை அளந்த எண்ணே விடை சொல்லும்.