நகர வெள்ளத்தைக் கணிக்கும் கணினி மாதிரி: செயல்படும் விதமும் திருவனந்தபுரம் தரும் பாடமும்

திருவனந்தபுரம்: பெருமழையின்போது நகரின் எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எத்தனை அடி தண்ணீர் தேங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக் கூறும் முறையே நகர வெள்ளக் கணினி மாதிரி எனப்படுகிறது. 2023 அக்டோபர் மாதம் பெய்த கனமழையில் கண்ணம்மூலை, கௌரீசபட்டம், டெக்னோபார்க் சுற்றுப்பகுதிகள் நீரில் மூழ்கியதை அடுத்து, கேரளத் தலைநகருக்கு இக்கணக்கின் தேவை தெளிவாகியுள்ளது.

மூன்று கட்டக் கணக்கு

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 100 மி.மீ. மழை பெய்தால் 10 கோடி லிட்டர் நீர் சேரும். அதில் மண் உறிஞ்சுவது எவ்வளவு, கான்கிரீட் மற்றும் தார்ப் பரப்புகளில் வழிந்தோடுவது எவ்வளவு என்பதை மாதிரி முதலில் பிரித்தறிகிறது. அடுத்து, வடிகால்களின் அகலம், ஆழம், சரிவு ஆகியவற்றைக் கொண்டு அவை தாங்கக்கூடிய நீரோட்டத்தைக் கணக்கிடுகிறது. இறுதியாக, நிரம்பி வழியும் நீர் தரையின் மேடு பள்ளங்களுக்கு ஏற்பப் பரவும் விதத்தை வரைபடமாக்குகிறது. 1871-ல் பிரெஞ்சு அறிஞர் சான் வெனான் வகுத்த சமன்பாடுகளே நீரோட்டக் கணக்கின் அடிப்படையாகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மழைநீர் மேலாண்மை மாதிரி, 1971 முதல் பயன்பாட்டில் உள்ளது.

நகரின் அமைப்பு

ஆமயிழஞ்சான், பட்டம், உள்ளூர் ஆகிய கால்வாய்கள் கண்ணம்மூலைப் பகுதியில் இணைந்து ஆக்குளம் ஏரியை அடைகின்றன. அங்கிருந்து வேளி முகத்துவாரம் வழியாக நீர் கடலில் கலக்க வேண்டும். முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்திருந்தாலோ, கடல் மட்டம் உயர்ந்திருந்தாலோ நீர் வடிவது தாமதமாகும். எனவே மழை அளவுடன் கடலின் நிலையையும் மாதிரியில் சேர்ப்பது இன்றியமையாதது.

அடைப்பு என்னும் சிக்கல்

சுமார் 12 கி.மீ. நீளமுள்ள ஆமயிழஞ்சான் கால்வாயில் 117 மீட்டர் பகுதி, தம்பானூர் ரயில் நிலையப் பகுதியின் அடியில் செல்கிறது. 2024 ஜூலை 13 அன்று அங்கு குப்பை அகற்றும் பணியில் ஈடுபட்டிருந்த தூய்மைப் பணியாளர் ஒருவர் மழைநீரில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாட்களுக்குப் பின்னரே அவரது உடல் மீட்கப்பட்டது. வரைபடத்தில் உள்ள அகலத்தை மட்டும் நம்பும் மாதிரி, அந்தக் குப்பையைக் காண்பதில்லை. கால்வாய் பாதி அடைபட்டிருக்கும்போது முழுக் கொள்ளளவு உள்ளதாகக் கணக்கிட்டால், வெள்ளம் வரும் தெருவையும் பாதுகாப்பானது என்று அது காட்டக்கூடும். தம்பானூர் வெள்ளத்தைத் தடுக்க 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' திட்டத்தின்கீழ் ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டு வடிகால்கள் தூர்வாரப்பட்டன. இத்தகைய பணிகளுக்குப் பின்னரும், ஒவ்வொரு பருவமழைக்கு முன்னரும் கால்வாய்களை மீண்டும் அளந்து பதிவு செய்வது அவசியம்.

பிற நகரங்கள்

மும்பையில் 'ஐஃப்ளோஸ்' வெள்ள எச்சரிக்கை அமைப்பு 2020 ஜூன் மாதம் தொடங்கப்பட்டது. சென்னைக்கு 'சிஃப்ளோஸ்' அமைப்பு உருவாக்கப்பட்டுள்ளது. நகர்ப்புற வெள்ள அபாய மேலாண்மைத் திட்டத்தின் இரண்டாம் கட்டமாக, திருவனந்தபுரம் உள்ளிட்ட 11 நகரங்களுக்கு ரூ.2,444.42 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு மத்திய அரசு 2025 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது.

கணினி மாதிரி மழையைத் தடுக்காது. எனினும், எந்தச் சாலையை மூடுவது, எந்தக் குடியிருப்பை முதலில் காலி செய்வது, கால்வாயில் பணிபுரிவோரை எப்போது வெளியேற்றுவது என்பதை முடிவு செய்வதற்கான அவகாசத்தை அது அளிக்கும்.