லைசென்ஸ் இல்லாமலே மீன் பிடிக்கலாம்... ஆனா சாப்பிடலாமா? கலிஃபோர்னியா 'பியர்' ரூல்ஸ் இதுதான்!

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 16 வயதானவர்கள் கடலில் தூண்டில் போட லைசென்ஸ் கட்டாயம். ஆனால் கடலுக்குள் நீளும் பொதுப் பாலங்களில், அதாவது 'பியர்'களில் அது தேவையில்லை. 1909-ல் திறக்கப்பட்ட சாண்டா மோனிகா பியரிலும் இதே ரூல்தான்.

அதுக்காக இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. ஒருவருக்கு அதிகபட்சம் 2 தூண்டில்தான். மீனின் அளவு, எண்ணிக்கைக்கும் லிமிட் உண்டு. பாலத்தை விட்டு இறங்கி, மணலில் நின்று வீசினால் லைசென்ஸ் வேணும்.

இன்னொரு முக்கியமான விஷயம். சாண்டா மோனிகா முதல் சீல் பீச் வரை பிடிபடும் 'ஒயிட் குரோக்கர்' மீனைச் சாப்பிடவே கூடாது என்கிறது அரசு. காரணம், ஒரு காலத்தில் கடலில் கலந்த டிடிடி, பிசிபி ரசாயனங்கள். கடலடியில் இரை தேடும் இந்த மீனின் கொழுப்பில் அவை சேர்ந்துவிடும், கழுவினாலும் போகாது.

அதனால, சிக்கியது என்ன மீன்னு தெரிஞ்ச பிறகே வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்.