கந்தையும் காந்தாவும்

பழம்புடவைகளை அடுக்கித் தைத்த போர்வைக்கு வங்காளத்தில் காந்தா என்று பெயர். வடமொழியில் கந்தா என்றால் கிழிசல் துணி, ஒட்டுப்போட்ட ஆடை. நம் கந்தையும் இதே சொல்தான். தமிழில் அது கிழிசலோடு நின்றுவிட்டது. வங்காளத்திலோ அந்தக் கிழிசலை ஊசி என்னவாக ஆக்கியதோ அதற்குப் பெயராகிவிட்டது.

பழைய நூல்களில் கந்தா பெரும்பாலும் துறவியின் உடைமை. பர்த்ருஹரியின் வைராக்கிய சதகத்தில் கோவணத்தோடு சேர்ந்து வருகிறது. கிருஷ்ணதாச கவிராஜரின் சைதன்ய சரிதாமிருதத்தில் வரும் காட்சி எனக்கு இன்னும் பிடித்தது. காசியில் சைதன்யரின் சீடர் சனாதனருக்கு, தோளில் கிடக்கும் விலை உயர்ந்த கம்பளி உறுத்துகிறது. கங்கைக் கரையில் வங்காளத்துக்காரர் ஒருவர் தம் காந்தாவைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். கம்பளியை அவரிடம் கொடுத்துவிட்டு அதை வாங்கிப் போர்த்திக்கொள்கிறார் சனாதனர். அப்போதே அது சாதாரண மனிதர் துவைத்து உலர்த்தும் பொருளாகவும் இருந்திருக்கிறது.

வீட்டுக்குள் வந்ததும் பெயர்கள் பெருகின. குளிருக்குப் போர்த்தும் தடித்தது லேப். விரிப்பு சுஜனி, ஊசியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழி வந்த பெயர். கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைப்பது ஆர்ஷிலதா. பூவேலை செய்தது நக்ஷி காந்தா. வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் அந்தப் பெயரைத் தலைப்பில் வைத்து ஒரு நெடுங்கவிதை வெளியிட்டார். பெயர் எங்கும் பரவியது.

தைக்கும் முறையைச் சொல்லாமல் சொல்லின் கதை முடியாது. நைந்து மெத்தென்றான புடவைகளைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருக்கமில்லாமல் விரிப்பார்கள். ஓரத்தை மடித்து, அடுக்கு நழுவாதபடி நீள நீளமாக நூலோட்டுவார்கள். வண்ண நூல் கடையில் வாங்கியதல்ல. புடவைக் கரையிலிருந்தே உருவியது. நடுவில் தாமரை, மூலைகளில் மரமோ மாங்காயோ எழும்பும். பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். ஆனால் காந்தாவைக் காந்தாவாக்குவது அதற்குப் பிறகு வரும் வேலை: மிச்சமிருக்கும் வெள்ளைப் பரப்பை வெள்ளை நூலால் நிரப்புவது. ஊசியில் நான்கைந்து தையலை ஒருசேரக் கோத்து இழுக்க வேண்டும். அதிகம் இழுத்தால் துணி சுருண்டுகொள்ளும். தளர விட்டால் நூல் தொங்கும். இரண்டுக்கும் நடுவே கை ஓர் அளவைக் கண்டுகொள்ளும். பூவைச் சுற்றிச் சுற்றி வரிசைகள் நெருங்க, துணியில் சிற்றலை எழும்பும். அந்த அலையை விரலால் தடவிப் பார்த்தபடியே அடுத்த வரிசைக்குப் போவதில் உள்ள நிறைவு, பூ வரைவதில் கிடைப்பதில்லை என்றே நான் நினைக்கிறேன். இருபுறமும் ஒரே உருவம் தெரியும் தொருக்கா வகையில் முடிச்சுக்கூட வெளியே தெரியக்கூடாது. நூல் நுனியை அடுக்குகளுக்குள் செருகிவிடுவார்கள்.

இன்று நம் ஜவுளிக்கடைகளில் ‘காந்தா ஒர்க்’ என்றால் புதுப் பட்டில் போட்ட ஓட்டுத்தையல். அழகான வேலை, கைக்கு நல்ல கூலி கிடைத்தால் வாழட்டும். ஆனால் அங்கே இருப்பது ஒற்றைத் துணி. அடுக்கும் இல்லை, பழசும் இல்லை. கிழிசலுக்கு வைத்த பெயர் இப்போது தையலுக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.