கட்டிலருகே தோழி

பழைய தமிழ்ப் படங்களில் நோய்க்குப் பஞ்சமில்லை. ‘பாலும் பழமும்’ (1961) சரோஜாதேவிக்குக் காசநோய். ‘நீலவானம்’ (1965) தேவிகாவுக்குப் புற்றுநோய். இரண்டிலும் கலங்கி நிற்கும் கணவர் சிவாஜிதான். (அழுகையில் அவரை யார் மிஞ்சுவது!) தோழி என்பவள் கேலி பேசவும் தூது போகவும் மட்டுமே.

எங்கள் தேர்வாய் கண்டிகையில் நான் பார்த்தது வேறு. என் மனைவி சிகிச்சைக்குச் சென்னை போன நாளெல்லாம், கஞ்சித் தூக்கோடு கூடவே பஸ் ஏறியவள் அவளுடைய பள்ளித்தோழி. அன்றைய கூலி போனதை ஒருநாளும் சொன்னதில்லை.

அப்படி ஒருத்தியைத் திரையில் காண, நான் ஹாலிவுட்டின் ‘பீச்சஸ்’ (1988) வரை போக வேண்டியிருந்தது. சிறுவயதில் கடற்கரையில் சந்தித்த இருவர். இடையில் பொறாமை, பேச்சில்லாத வருடங்கள். ஒருத்திக்கு இதய நோய் முற்றியதும் பாடகியான மற்றவள் வந்து உடன் தங்குகிறாள். தோழி போனபின் அவள் மகளை வளர்ப்பவளும் இவள்தான்.