சிறுபான்மையினர் தொழிற்கல்லூரிகளின் மாணவர் சேர்க்கை உரிமை

சிறுபான்மையினர் தொழிற்கல்லூரிகளின் மாணவர் சேர்க்கை உரிமை என்பது, இந்தியாவில் சமய அல்லது மொழிச் சிறுபான்மையினர் நிறுவி நடத்தும் மருத்துவ, பல் மருத்துவ, பொறியியல் கல்லூரிகள் தம் மாணவர்களைத் தாமே தெரிவு செய்துகொள்ளும் உரிமையைக் குறிக்கும். அதற்கென நுழைவுத் தேர்வு நடத்தும் உரிமையும் இதில் அடங்குமா என்பது பல பத்தாண்டுகளாக வழக்காடப்பட்ட கேள்வியாகும். இந்திய அரசியலமைப்பின் 30(1) ஆம் உறுப்பு இவ்வுரிமையின் அடிப்படை. மருத்துவக் கல்வியைப் பொறுத்தவரை, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 29 அன்று வழங்கிய தீர்ப்பின்படி, தேசிய தகுதி காண் மற்றும் நுழைவுத் தேர்வு (நீட்) சிறுபான்மையினர் கல்லூரிகளையும் கட்டுப்படுத்தும். இதே தேர்வு அரியலூர், பெரம்பலூர் போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் மாணவர்களை வேறொரு வகையில் தாக்கியதால், தமிழ்நாட்டில் இவ்விரு சிக்கல்களும் ஒன்றையொன்று ஒட்டியே பேசப்பட்டு வந்துள்ளன.

அரசியலமைப்பு அடிப்படை

சமயத்தையோ மொழியையோ அடிப்படையாகக் கொண்ட எல்லாச் சிறுபான்மையினருக்கும் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிருவகிக்கவும் உரிமை உண்டு என்று 30(1) ஆம் உறுப்பு கூறுகிறது. "நிருவகித்தல்" என்னும் சொல்லுக்குள் மாணவர் சேர்க்கை அடங்கும் என்பதை நீதிமன்றங்கள் தொடக்கம் முதலே ஏற்றுக்கொண்டன. அவ்வுரிமைக்கு அரசு எந்த அளவு ஒழுங்குமுறை விதிக்கலாம் என்பதில்தான் கருத்து வேறுபாடு. 1958 ஆம் ஆண்டின் கேரளக் கல்வி மசோதா குறித்த ஆலோசனைக் கருத்தும், ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த 1974 ஆம் ஆண்டின் அகமதாபாத் புனித சேவியர் கல்லூரி வழக்கும் இதில் முதன்மையானவை. கல்வித் தரத்தைக் காக்கும் விதிகள் செல்லும், நிருவாகத்தையே பறிக்கும் விதிகள் செல்லா என்பது இவற்றின் சாரம்.

யார் சிறுபான்மையினர் என்பதற்கு அரசியலமைப்பில் வரையறை இல்லை. மாநிலத்தை அலகாகக் கொண்டே இதனை முடிவு செய்ய வேண்டும் என 2002 இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இதன் விளைவாக, தமிழ்நாட்டில் தெலுங்கு, மலையாளம், கன்னடம் போன்ற மொழிகளைப் பேசுவோர் நடத்தும் கல்லூரிகள் மொழிச் சிறுபான்மைத் தகுதி பெறலாம். கருநாடகத்திலோ கேரளத்திலோ தமிழர் நடத்தும் கல்லூரிக்கும் அதே தகுதி கிடைக்கும். தமிழ்நாட்டில் சிறுபான்மைக் கல்லூரி என்றாலே கிறித்தவ, இசுலாமியக் கல்லூரிகள் என்று பொதுவாகக் கருதப்படுவது முழு உண்மையன்று.

உன்னிகிருட்டிணன் முதல் இனாம்தார் வரை

1980களில் தென் மாநிலங்களில் சுயநிதித் தொழிற்கல்லூரிகள் பெருகின. நன்கொடை என்ற பெயரில் வாங்கப்பட்ட பெருந்தொகைகள் பொதுச் சிக்கலாயின. தமிழ்நாடு அரசு 1992 இல் நன்கொடை வசூலைத் தடை செய்து சட்டம் இயற்றியது. 1993 பெப்ரவரி 4 அன்று உன்னிகிருட்டிணன் எதிர் ஆந்திரப் பிரதேசம் வழக்கில், தனியார் தொழிற்கல்லூரிகளின் இடங்களில் பாதியை இலவச இடங்களாகவும் மறுபாதியைக் கட்டண இடங்களாகவும் பிரித்து, இரண்டையும் தகுதி வரிசைப்படி நிரப்பும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் வகுத்தது. பாதி மாணவர் மறுபாதியினரின் படிப்புச் செலவைச் சுமப்பதாக இத்திட்டம் குறை கூறப்பட்டது. பணம் கட்டி நன்றாகப் பயிற்சி பெற்ற நகர மாணவர் இலவச இடத்தையும், ஊர்ப்புற மாணவர் கட்டண இடத்தையும் பெறுவது நடைமுறையில் அரிதாக இருக்கவில்லை.

இத்திட்டத்தை மறு ஆய்வு செய்ததே டி. எம். ஏ. பாய் அறக்கட்டளை வழக்காகும். கருநாடகத்தின் மணிப்பாலைச் சேர்ந்த அவ்வறக்கட்டளை கொங்கணி மொழிச் சிறுபான்மைத் தகுதி கோரியது. பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு 2002 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது. உன்னிகிருட்டிணன் திட்டம் கைவிடப்பட்டது. அரசு உதவி பெறாத சிறுபான்மைக் கல்லூரிகள் தம் மாணவர்களைத் தாமே சேர்க்கலாம். ஆனால் அம்முறை வெளிப்படையாகவும், தகுதியைப் புறக்கணிக்காமலும் இருத்தல் வேண்டும் என அமர்வு கூறியது. அரசு உதவி பெறும் சிறுபான்மைக் கல்லூரிகள் பிற மாணவர்களையும் தக்க அளவில் சேர்க்கக் கடமைப்பட்டவை.

தீர்ப்பின் நீளமும் அதிலிருந்த பல கருத்துகளும் புதிய குழப்பங்களைத் தோற்றுவித்தன. ஒவ்வொரு மாநில அரசும் ஒவ்வொரு கல்லூரியும் தத்தம் வசதிக்கேற்பப் பொருள் கொண்டன. எனவே 2003 ஆகத்து 14 அன்று இசுலாமிக் அகாதமி வழக்கில் ஐந்து நீதிபதிகள் விளக்கத் தீர்ப்பு ஒன்றை வழங்கினர். கட்டணத்தை முடிவு செய்ய ஒரு குழு, நுழைவுத் தேர்வைக் கண்காணிக்க மற்றொரு குழு என ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகளின் தலைமையில் ஒவ்வொரு மாநிலத்திலும் குழுக்கள் அமைக்கப்பட இத்தீர்ப்பே காரணமாகும்.

விளக்கத்திற்கும் விளக்கம் தேவைப்பட்டது. 2005 ஆகத்து 12 அன்று பி. ஏ. இனாம்தார் எதிர் மகாராட்டிரம் வழக்கில், தலைமை நீதிபதி ஆர். சி. லகோட்டி தலைமையிலான ஏழு நீதிபதிகள் அமர்வு, அரசு உதவி பெறாத தனியார் கல்லூரிகளில் அரசு தன் ஒதுக்கீட்டையோ இட ஒதுக்கீட்டுக் கொள்கையையோ திணிக்க இயலாது என்றது. கல்லூரிகள் மனமொப்பி இடங்களை விட்டுக்கொடுத்தால் அன்றி அரசுக்கு அவற்றில் பங்கில்லை. அதேவேளையில், ஒரே வகைக் கல்லூரிகள் ஒன்றுசேர்ந்து பொது நுழைவுத் தேர்வு நடத்தலாம் எனவும், அத்தேர்வு நேர்மை, வெளிப்படைத்தன்மை, சுரண்டலின்மை ஆகிய மூன்று அளவுகோல்களை நிறைவு செய்யாவிடில் அரசே தன் நடைமுறையை விதிக்கலாம் எனவும் கூறியது. பிற்காலத்தில் நீட் தேர்வைச் சரியென நிறுவ இவ்வளவுகோல்களே பயன்பட்டன.

இத்தீர்ப்புக்கு நாடாளுமன்றம் அளித்த மறுமொழியே 93 ஆம் அரசியலமைப்புத் திருத்தம். இதன் மூலம் 15(5) ஆம் உறுப்பு சேர்க்கப்பட்டு, 2006 சனவரி 20 முதல் நடைமுறைக்கு வந்தது. தனியார் கல்லூரிகளிலும் பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு செய்ய இது அரசுக்கு அதிகாரம் அளித்தது. சிறுபான்மைக் கல்லூரிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது.

தமிழ்நாட்டு நடைமுறை

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான பொது நுழைவுத் தேர்வு 1984 இல் ம. கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் கொண்டுவரப்பட்டது. ஊர்ப்புற மாணவர்களுக்கு இது பாதகமானது என்ற குறை நெடுநாள் இருந்தது. 2005 இல் மேற்கொள்ளப்பட்ட நீக்க முயற்சிகள் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. பின்னர் 2006 இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தொழிற்கல்வி நிறுவனங்களில் சேர்க்கைச் சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் 2007 இல் நடைமுறைக்கு வந்தது. அது முதல் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்களே அடிப்படையாயின.

தனியார் கல்லூரிகளில் அரசின் பங்கு உடன்பாட்டின்படி அமைந்தது. சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரி தன் இடங்களில் 65 விழுக்காட்டையும், சிறுபான்மைக் கல்லூரி 50 விழுக்காட்டையும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்கு ஒப்படைக்கும். 60 இடங்கள் கொண்ட ஒரு பொறியியல் பிரிவில் முதல் வகைக் கல்லூரி 39 இடங்களையும், இரண்டாம் வகைக் கல்லூரி 30 இடங்களையும் அரசுக்குத் தர வேண்டும். ஒப்படைக்கப்பட்ட இடங்களில் தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு பின்பற்றப்படும். இந்த 9 இட வேறுபாடு சிறியதாகத் தோன்றினும், ஒரு கல்லூரியின் எல்லாப் பிரிவுகளையும் கூட்டினால் நிருவாக ஒதுக்கீட்டு வருவாயில் பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். சிறுபான்மைத் தகுதியைப் பெறுவதில் கல்லூரிகள் காட்டும் ஆர்வத்திற்கு சமூக நலன் மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி வழக்கு

1900 ஆம் ஆண்டில் அமெரிக்க மறைப்பணியாளர் ஐடா சுகடர் வேலூரில் ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருந்தகமே பின்னாளில் இக்கல்லூரியாக வளர்ந்தது. 1942 இல் எம்.பி.பி.எசு. படிப்பு தொடங்கியது, 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். அனைத்திந்திய அளவில் தானே எழுத்துத் தேர்வு நடத்தி, அதில் தேறியோரை வேலூருக்கு அழைத்துச் சில நாட்கள் நேர்காணலும் திறனறி பயிற்சிகளும் வைத்துத் தேர்ந்தெடுப்பது இதன் வழக்கம். திருச்சபைகளின் பரிந்துரை பெற்ற மாணவர்கள் படிப்பு முடிந்தபின் மறைப்பணி மருத்துவமனைகளில் குறிப்பிட்ட காலம் பணியாற்ற ஒப்பந்தம் செய்துகொள்வர். மருத்துவர் செல்ல விரும்பாத சிற்றூர் மருத்துவமனைகள் பல இவ்வேற்பாட்டினாலேயே இயங்கின. எனவே, மதிப்பெண் வரிசையால் மட்டும் இப்பணிக்கு உரியவரைக் கண்டறிய இயலாது என்பது கல்லூரியின் வாதமாக இருந்தது.

இந்திய மருத்துவக் கழகம் 2010 திசம்பர் 21 அன்று நீட் தேர்வை அறிவித்தது. அதனை எதிர்த்து வேலூர் கல்லூரியும் பிறரும் தொடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட மனுக்களை உச்ச நீதிமன்றம் ஒன்றாக விசாரித்தது. 2013 மே 5 அன்று முதல் நீட் தேர்வு நடந்தது. சூலை 18 அன்று, தலைமை நீதிபதி அல்தமாசு கபீர் அமர்வு, இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், 30 ஆம் உறுப்பு உள்ளிட்டவற்றுக்கு முரணானது எனக் கூறி அறிவிக்கைகளை நீக்கியது. நீதிபதி அனில் தவே மாறுபட்டார்.

2016 ஏப்ரல் 11 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு இத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. அவ்வமர்வுக்குத் தலைமை வகித்தவரும் நீதிபதி தவேயே. அதே ஆண்டு இந்திய மருத்துவக் கழகச் சட்டத்தில் 10டி பிரிவு சேர்க்கப்பட்டு நீட் கட்டாயமாயிற்று. 2017 ஆம் கல்வியாண்டில், பொதுக் கலந்தாய்வின் வழியே மாணவர்களை ஏற்க மறுத்த வேலூர் கல்லூரி, தன் 100 எம்.பி.பி.எசு. இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பியது. உயிரிழந்த படைவீரரின் பிள்ளைக்கென நடுவண் அரசு பரிந்துரைத்த இடம் அது. ஏனைய 99 இடங்கள் அவ்வாண்டு யாருக்கும் பயன்படாமற் போயின.

இறுதித் தீர்ப்பை 2020 இல் நீதிபதிகள் அருண் மிசுரா, வினீத் சரண், எம். ஆர். சா ஆகியோர் வழங்கினர். சிறுபான்மையினர் உரிமை முழுமையானதன்று. தரத்தையும் நேர்மையையும் காக்கும் ஒழுங்குமுறை அதனைப் பறிப்பதாகாது. நீட் தேர்வில் தகுதி பெற்றோரிலிருந்து தம் சமூகத்தவரைத் தேர்ந்தெடுக்க இக்கல்லூரிகளுக்குத் தடையில்லை என்பன தீர்ப்பின் முதன்மைக் கருத்துகள். 2019 ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமும் பொதுத் தேர்வை எல்லா மருத்துவக் கல்லூரிகளுக்கும் பொதுவாக்கியுள்ளது.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள்

முன்னர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாயிருந்த இவை, 1995 இல் பெரம்பலூர் மாவட்டமாகப் பிரிக்கப்பட்டன. அரியலூர் 2001 இல் தனி மாவட்டமாகி, 2002 இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. மானாவாரி வேளாண்மையும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சார்ந்த இப்பகுதியில் தொழிற்கல்வி வாய்ப்புகள் காலந்தாழ்த்தியே வந்தன.

நீட் எதிர்ப்பின் அடையாளமாக நாடறிந்த மாணவி அனிதா, அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தின் குழுமூரைச் சேர்ந்தவர். கூலித் தொழிலாளியின் மகளான இவர் 2017 மேல்நிலைத் தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றார். மருத்துவச் சேர்க்கைக்கான இவரது கட்டாய மதிப்பெண் 200க்கு 196.75. நீட் தேர்விலோ 720க்கு 86 மட்டுமே கிடைத்தது. தமிழ்நாட்டுக்கு விலக்கு கோரும் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் தம்மையும் ஒரு தரப்பாக இணைத்துக்கொண்டார். ஆகத்து 22 அன்று நீட் அடிப்படையிலேயே சேர்க்கை நடத்த நீதிமன்றம் ஆணையிட்டது. செப்டம்பர் 1 அன்று அவர் உயிர்நீத்தார்.

வேலூர் கல்லூரியும் குழுமூர் மாணவியும் எதிர்த்தது ஒரே தேர்வையே. எனினும் இருவரின் வாதங்களும் வேறானவை. கல்லூரி கோரியது தன் தேர்வைத் தானே நடத்தும் உரிமை. மாணவி கோரியது பள்ளிப் படிப்புக்கு மேல் ஒரு தேர்வு வேண்டாம் என்பது. பழைய முறையிலும் வேலூர் கல்லூரியில் சேர விரும்பும் அரியலூர் மாணவர் தனி நுழைவுத் தேர்வு ஒன்றை எழுதியே ஆக வேண்டியிருந்தது. நீட் எதிர்ப்பாளர் பலர் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

மாநிலச் சட்டமன்றம் 2017 இலும் 2021 இலும் நிறைவேற்றிய விலக்குச் சட்டமுன்வரைவுகளுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. இரண்டாவது மறுக்கப்பட்ட செய்தி 2025 ஏப்ரல் 4 அன்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இடையில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் 2020 இல் நடைமுறைக்கு வந்தது. தனியார் கல்லூரிகள் ஒப்படைக்கும் அரசு இடங்களுக்கும் இது பொருந்தும். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி, 2022 சனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்ட 11 கல்லூரிகளுள் ஒன்று. அதன் அரங்கத்திற்கு அனிதாவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பெரம்பலூர் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. அங்குள்ளது தனியார் மருத்துவக் கல்லூரியே.

இட ஒதுக்கீட்டிலிருந்து வேறுபாடு

30 ஆம் உறுப்பின் உரிமையும், சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டுக்குள் இசுலாமியருக்கு 3.5 விழுக்காடு 2007 இல் வழங்கப்பட்டது. கிறித்தவருக்கும் அதே அளவு வழங்கப்பட்டு, அச்சமூகத்தினரின் வேண்டுகோளின்படியே 2008 இல் திரும்பப் பெறப்பட்டது. இவ்வொதுக்கீடு மாணவருக்கு உரியது. அரசு இடங்கள் அனைத்திலும் செல்லும். சிறுபான்மைக் கல்லூரியின் சேர்க்கை உரிமை நிறுவனத்திற்கு உரியது. அந்நிறுவனத்தின் நிருவாக இடங்களில் மட்டுமே செல்லும். மருத்துவக் கலந்தாய்வில் இந்நிருவாக இடங்களும் கிறித்தவ, தெலுங்கு, மலையாளச் சிறுபான்மை எனத் தனித்தனியே பிரிக்கப்பட்டு, நீட் தர வரிசைப்படி தேர்வுக் குழுவினால் நிரப்பப்படுகின்றன.